வங்கி இணைய ஏலத்தில் வீடு வாங்குவது எப்படி: அறிவிப்பைப் படிப்பதிலிருந்து பட்டா மாற்றம் வரை

கடன் கட்டாமல் நின்றுபோன வீடு, மனை, கடைகளை வங்கிகள் இணையத்தில் ஏலம் விடுகின்றன. இந்த வழியில் நான் ஒரு முறை தோற்றேன், ஒரு முறை வாங்கினேன். அதற்குப் பிறகு சொந்தத்திலும் நட்பிலும் ஏழெட்டுப் பேர் வாங்கப் போனபோது கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

தடுமாறியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று முதலில் முன்பணத்தைக் கட்டினார்கள். பத்திரத்தைப் பார்க்க அப்புறம்தான் போனார்கள். இந்த ஏலத்தில் வேலையின் வரிசை மாறினால் பணம் போகும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

தமிழ்நாட்டில், 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் கீழ், அதாவது அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே விற்க இடம் தரும் சட்டத்தின் கீழ், வங்கியும் வீட்டுக்கடன் நிறுவனமும் நடத்தும் ஏலங்களைப் பற்றியது இது. நீதிமன்ற ஏலம், வருமான வரித்துறை ஏலம் ஆகியவற்றுக்கு விதிகள் வேறு.

1. வீட்டைத் தேடுவதற்கு முன் பணத்தைக் கணக்குப் பாருங்கள்

சாதாரணமாக வீடு வாங்கும்போது அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதம் அவகாசம் வாங்கி, அதற்குள் கடனுக்கு அலைவோம். ஏலத்தில் அந்த அவகாசம் கிடையாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ரிசர்வ் விலை, அதாவது வங்கி குறித்திருக்கும் குறைந்தபட்ச விலை, 42 லட்சம். இஎம்டி எனப்படும் முன்வைப்புத் தொகை பெரும்பாலும் அதில் 10%, அதாவது 4.20 லட்சம். இதை ஏலத்துக்கு முன்பே கட்ட வேண்டும். ஏலம் 45 லட்சத்துக்கு உங்கள் பெயரில் முடிகிறது என்று வையுங்கள். அன்றே, அல்லது அதிகபட்சம் அடுத்த வேலை நாளுக்குள், மொத்த விலையில் 25% கட்டியாக வேண்டும். அது 11.25 லட்சம். இஎம்டியைக் கழித்தால் 7.05 லட்சம் ஒரே நாளில் புரட்ட வேண்டும்.

மீதி 33.75 லட்சத்துக்கு, விற்பனை உறுதியான நாளிலிருந்து 15 நாள். வங்கி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் நீட்டலாம். அப்படி நீட்டினாலும் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த நீட்டிப்பு உங்கள் உரிமை இல்லை, வங்கி மனம் வைத்துக் கொடுப்பது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இதற்கு மேல் பதிவுச் செலவு இருக்கிறது. வழக்கமான கிரயப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஏலத்தில் கிடைக்கும் விற்பனைச் சான்றிதழுக்கு எவ்வளவு என்று அந்தப் பகுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யும்வரை இந்த 9%-ஐ ஒதுக்கியே வையுங்கள். நம் உதாரணத்தில் அது ஏறக்குறைய 4 லட்சம். பாக்கிகள், பூட்டிக் கிடந்த வீட்டின் பழுது என்று இன்னும் இரண்டு மூன்று லட்சம் தனியாக வேண்டும்.

கடன் வாங்கித்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் ஏலத்துக்கு முன்பே வங்கியில் பேசுங்கள். ஏலச் சொத்துக்குக் கடன் தருவீர்களா, எத்தனை நாளில், எந்த ஆவணத்தின் மேல் என்று மூன்றையும் கேளுங்கள். சொத்தை ஏலம் விடும் வங்கியே சில சமயம் கடன் தரும். அவர்களிடம் பத்திரம் ஏற்கெனவே இருப்பதால் வேலை சீக்கிரம் நடக்கும். உங்கள் வருமானத்தைப் பார்த்துத் தரும் முன் ஒப்புதல் கடிதம் மட்டும் போதாது. அந்தச் சொத்தின் மேல் கடன் கொடுக்கச் சட்டப் பிரிவு சம்மதிக்குமா என்பதுதான் கேள்வி.

2. அறிவிப்பைத் தேடுங்கள், வரி வரியாகப் படியுங்கள்

பொதுத்துறை வங்கிகளின் ஏலங்கள் பேங்க்நெட் என்ற தளத்தில் வருகின்றன. 2025 ஜனவரியில் தொடங்கிய இந்தத் தளம் முன்பிருந்த இபிக்ரே தளத்துக்குப் பதிலாக வந்தது. தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தங்கள் இணையதளத்திலும் தனியார் ஏலத் தளங்களிலும் போடுகின்றன. நாளிதழ்களிலும் விளம்பரம் வரும். இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், வெளியிட வேண்டும் என்பது விதி.

ரிசர்வ் விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். இஎம்டி எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்குப் போக வேண்டும், ஒவ்வொரு கேட்பிலும் எவ்வளவு ஏற்ற வேண்டும், கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் எத்தனை நிமிடம் தானாக நீளும், சொத்தைப் பார்க்க எந்த நாள், வங்கிக்குத் தெரிந்த வில்லங்கம் எதுவும் குறிப்பிட்டிருக்கிறதா, அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் (ஏலத்தை நடத்தும் வங்கி அதிகாரி) தொலைபேசி எண் என்ன என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் ஏலத்துக்கு அறிவிப்பு வந்ததிலிருந்து 30 நாள் இடைவெளி விட வேண்டும். அது போணியாகாமல் மறுபடி ஏலம் விட்டால் 15 நாள் போதும். இதிலிருந்து உங்களுக்கு ஒரு துப்புக் கிடைக்கிறது. அறிவிப்பில் 15 நாள்தான் இருக்கிறது என்றால் இந்தச் சொத்து முன்பும் ஏலத்துக்கு வந்திருக்கிறது. பழைய அறிவிப்பைத் தேடி எடுங்கள். அன்றைக்கு ரிசர்வ் விலை என்ன, ஏன் யாரும் கேட்கவில்லை என்று பாருங்கள். விலை அதிகம் என்பதால் போகவில்லை என்றால் உங்களுக்கு நல்லது. வேறு சிக்கலால் போகவில்லை என்றால், அந்தச் சிக்கல் என்னவென்று தெரியும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

“உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்” என்ற பொருளில் ஒரு வரி எல்லா அறிவிப்பிலும் இருக்கும். வழக்கமான சம்பிரதாய வரி என்று அதைத் தாண்டிப் போகிறார்கள். பின்னால் குறை தெரிந்து வங்கியிடம் போனால் அவர்கள் காட்டுவது அந்த ஒரே வரியைத்தான். சொத்தைப் பற்றிய விசாரணை முழுக்க உங்கள் பொறுப்பு என்பதே அதன் பொருள்.

3. சுவாதீனம் யாரிடம் இருக்கிறது?

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். நேரடி சுவாதீனம் என்றால் வீட்டைக் காலி செய்து, பூட்டி, சாவியை வங்கி வைத்திருக்கிறது. அடையாள சுவாதீனம் என்றால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டி, நாளிதழில் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே பழைய உரிமையாளர் குடும்பத்தோடு இருக்கலாம்.

அடையாள சுவாதீனத்தில் உள்ள சொத்தின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். காலி செய்ய, சர்ஃபாசி சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போட வேண்டும். ஆணைக்கு 30 நாள், அதிகபட்சம் 60 நாள் என்று சட்டம் சொல்கிறது. ஆணை வந்து, வக்கீல் ஆணையரும் போலீஸும் தேதி கொடுத்து, கதவு திறக்கும்வரை ஆகும் காலம் வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பதினான்கு மாதம் வாடகை வீட்டில் இருந்தார். வட்டியும் வாடகையும் சேர்ந்து, மலிவாக வாங்கிய லாபம் எல்லாம் கரைந்துவிட்டது.

முதல் முறை வாங்குகிறவர்கள் நேரடி சுவாதீனத்தில் உள்ள சொத்தை மட்டும் பாருங்கள் என்பது என் உறுதியான கருத்து.

உள்ளே வாடகைதாரர் இருந்தால் அவர் எப்போதிலிருந்து, எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள். அடமானத்துக்கு முன்பே முறையாகப் பதிவு செய்த குத்தகையில் இருப்பவரை வங்கியால் எளிதில் எழுப்ப முடியாது. நம் ஊரில் இன்னொரு வகையும் உண்டு. ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று கொடுத்துப் போக்கியத்துக்கு வந்தவர்கள். அவர்களின் காகிதம் சட்டத்தில் எவ்வளவு நிற்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பணத்தை இழந்து நிற்கும் அந்தக் குடும்பம் சும்மா எழுந்து போகாது. போகச் சொல்வதும் லேசான காரியம் இல்லை.

4. பத்திரங்களை வங்கியில் கேட்டு வாங்குங்கள், வக்கீலிடம் கொடுங்கள்

அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியை அழைத்து, கிளையில் ஆவண நகல்களைப் பார்க்க நேரம் கேளுங்கள். பெரும்பாலும் காட்டுவார்கள். போகும்போது ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருங்கள்: உங்களிடம் எந்தெந்த மூலப் பத்திரங்கள் இருக்கின்றன, எவை நகல்? பணம் கட்டிய பிறகு வங்கி தன்னிடம் உள்ளதைத்தான் தரும். தாய்ப்பத்திரம் அவர்களிடம் இல்லை என்றால் உங்களுக்கும் வராது.

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் பல அலுவலகங்களுக்கு 1975-இலிருந்து இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அறிவிப்பில் உள்ள சர்வே எண்ணை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய பழைய எண்ணிலும் தேடுங்கள். ஒரு நண்பருக்குப் பார்த்தபோது புது எண்ணில் சுத்தமாக வந்தது. பழைய எண்ணில் ஒரு செட்டில்மென்ட் பத்திரம், அதாவது சொத்தைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம், இருந்தது.

வில்லங்கச் சான்றில் வங்கிக்குப் பத்திரம் ஒப்படைத்த பதிவு, எம்ஓடி என்று சொல்வோமே, அது எந்தத் தேதியில் இருக்கிறது என்று குறியுங்கள். அதற்கு முன் இன்னொரு அடமானம் தீராமல் இருக்கிறதா? அதற்குப் பின் நீதிமன்ற ஜப்தி, வேறு கிரய ஒப்பந்தம் எதுவும் ஏறியிருக்கிறதா? இரண்டும் வக்கீல் பார்க்க வேண்டியவை. பத்திரம் பதியாமல் வைத்த அடமானத்துக்கு செர்சாய் என்ற மத்திய அடமானப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். ஒரே சொத்தைக் காட்டி இரண்டு இடத்தில் கடன் வாங்குவதைத் தடுக்கவே அந்தப் பதிவேடு இருக்கிறது.

அப்புறம் பட்டா, சிட்டா, புல வரைபடம். வருவாய்த்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். நகர்ப்புறம் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல். பத்திரம், பட்டா, ஏல அறிவிப்பு மூன்றிலும் பரப்பளவும் நான்கு எல்லையும் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுக்குமாடி என்றால் பிரிபடாத பாகம், அதாவது நிலத்தில் அந்த வீட்டுக்குள்ள பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். அங்கீகரித்த வரைபடத்தில் அந்தத் தளமே இருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி மூன்று தளத்துக்கு வாங்கிவிட்டு நான்காவது கட்டிய கட்டடங்கள் புறநகரில் நிறைய உண்டு.

ஒரு வீட்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஆவடிப் பக்கம், மாடி வீடு, படத்தில் பார்க்க அழகாக இருந்தது. விலையும் குறைவு. வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் அளந்தோம். வீடு இரண்டு மனையில் பரவி நின்றது. அடமானம் வைத்தது ஒரு மனை மட்டும். இன்னொன்று கடன் வாங்கியவரின் அண்ணன் பெயரில் இருந்தது. சமையலறையும் மாடிப்படியும் அந்தப் பக்கம். அறிவிப்பில் ஒரு பொய்யும் இல்லை. மனை எண் சரியாகவே போட்டிருந்தார்கள். டேப் வைத்து அளக்காமல் இருந்திருந்தால் பாதி வீட்டுக்கு முழு விலை கொடுத்திருப்போம்.

வக்கீல் கட்டணம் என்று சில ஆயிரம் ரூபாய் இங்கே செலவாகும். சொத்து நமக்குக் கிடைக்காமலும் போகலாம், எதற்கு வீண் செலவு என்று யோசிப்பீர்கள். செய்யுங்கள். கைவிட வேண்டிய சொத்தை இஎம்டி கட்டுவதற்கு முன்பே கைவிட இந்தச் செலவுதான் உதவும்.

5. வழக்கு இருக்கிறதா என்று தேடுங்கள்

வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன்காரர் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் இந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயர் போட்டு வழக்கைத் தேடலாம். கடன்காரர், ஜாமீன்தாரர், வங்கி என்று எல்லாப் பெயரிலும், எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள்.

சிவில் நீதிமன்றத்தையும் விடாதீர்கள். அக்கா, தங்கை, சித்தப்பா மகன் என்று யாராவது பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கலாம். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் அந்தப் பகுதி நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயரால் தேடலாம். பரம்பரைச் சொத்து என்றால் இந்தப் படியில் இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள்.

ஏலத்துக்குப் பின் பழைய உரிமையாளர் பாக்கியைக் கட்டிச் சொத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று பலர் பயப்படுகிறார்கள். 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் அவருக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தெளிவாகச் சொன்னது. அறிவிப்பு முறை, சுவாதீன முறை ஆகியவற்றில் வங்கி தவறு செய்திருந்தால் ஏலத்தையே எதிர்ப்பது வேறு விஷயம். அந்த ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் வழக்கு நடந்துகொண்டிருக்கும் சொத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

6. நேரில் போங்கள், அக்கம்பக்கம் பேசுங்கள்

வங்கி குறித்த நாளில் உள்ளே பாருங்கள். இன்னொரு நாள், சாயங்காலம், தனியாக வெளியிலிருந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் மிக நல்லது. சென்னைப் புறநகரில் தெரு எவ்வளவு தண்ணீரில் நிற்கும் என்பது எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

எதிர்வீட்டிலும் தெருமுனை மளிகைக் கடையிலும் பேசுங்கள். யார் இருந்தார்கள், இப்போது யார் வந்து போகிறார்கள், சொத்தில் வேறு யாராவது உரிமை கேட்கிறார்களா என்று அவர்களுக்குத் தெரியும். தரகர் மாதிரி விசாரிக்காமல், வாங்க வந்திருக்கிறோம் என்று நேரடியாகச் சொல்லிக் கேளுங்கள். அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுப் பேசினால் நம் ஊரில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

வீடு இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தால் மின் வயர், குழாய், மோட்டார் எல்லாம் போயிருக்கும் என்றே கணக்கு வையுங்கள். தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூட்டிப் போய்ப் பழுதுச் செலவை வாய்வழியாகவாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பாக்கிகளை எழுத்தில் வாங்குங்கள்

சொத்து வரி, தண்ணீர் வரி, மின் கட்டணம், குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புத் தொகை. நிபந்தனைகளைப் படித்தால் தெரிந்ததோ தெரியாததோ எல்லாப் பாக்கியும் வாங்குபவர் தலையில் என்று இருக்கும்.

மின் பாக்கி பழைய ஆளுடையது, எனக்கென்ன என்று இருக்காதீர்கள். புது உரிமையாளர் இணைப்புக் கேட்கும்போது பழைய பாக்கியையும் கேட்கும்படி மின் நிறுவனம் விதி வைத்திருந்தால் அது செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின் இணைப்பு எண்ணை மீட்டரிலிருந்து குறித்துக்கொண்டு வந்தால் பாக்கியை இணையத்திலேயே பார்க்கலாம்.

அடுக்குமாடியில் சங்கச் செயலாளரிடம் பாக்கித் தொகையை எழுதி வாங்குங்கள். மூன்று நான்கு வருடப் பாக்கி, அதற்கு அபராத வட்டி என்று லட்சத்தைத் தாண்டிப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

8. உச்ச விலையை எழுதி மடித்து வையுங்கள்

அதே தெருவில், அதே வயதுள்ள வீடு, வழக்கமான முறையில் என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். விளம்பர விலையை நம்பாமல், சமீபத்தில் விற்றவர் வாங்கியவரிடம் கேளுங்கள். அதிலிருந்து பாக்கி, பழுது, காத்திருக்கும் மாதங்களின் வட்டி, வக்கீல் செலவு எல்லாவற்றையும் கழியுங்கள். அதற்கு மேல், ஏலச் சொத்துக்கென்று இருக்கும் ஆபத்துக்காக 10 முதல் 15% கழிப்பது என் வழக்கம். வருவதுதான் உங்கள் உச்ச விலை.

ரிசர்வ் விலை மதிப்பீட்டாளர் அறிக்கையை வைத்து வங்கி குறித்தது. அதைச் சந்தை விலை என்று நினைக்காதீர்கள். மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம்.

அரசு வழிகாட்டி மதிப்பையும் பாருங்கள். அதைவிட ரொம்பக் குறைவாக வாங்கினால் வித்தியாசத்தின் மேல் வருமான வரிக் கேள்வி வரலாம். இதை ஆடிட்டரிடம் ஏலத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

உச்ச விலையை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். ஏலம் நடக்கும்போது “இன்னும் ஐம்பதாயிரம்தானே” என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே சொல்வார்.

9. தளத்தில் பதிவு, இஎம்டி

இப்போதுதான் பணம் கட்டும் நேரம். கேஒய்சி சரிபார்ப்புக்கு நாள் ஆகலாம். அதனால் தளத்தில் பதிவை மட்டும் ஒரு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். சில தளங்கள் டிஜிட்டல் கையொப்பம் கேட்கும். அதை வாங்கவும் நேரம் வேண்டும்.

யார் பெயரில் ஏலம் கேட்கிறீர்களோ அதே பெயரில்தான் விற்பனைச் சான்றிதழ் வரும். தன் பெயரில் கேட்டுவிட்டு, ஜெயித்த பின் மனைவி பெயரையும் சேருங்கள் என்று அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இருவர் பெயரில் வேண்டும் என்றால் விண்ணப்பத்திலேயே இருவர் பெயரும் இருக்கட்டும். கடன் வாங்குகிறவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இஎம்டியை அறிவிப்பிலோ தளத்தின் சலானிலோ உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். “அதிகாரியை எனக்குத் தெரியும், என்னிடம் கொடுங்கள்” என்று வருபவரிடம் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பி, தளத்தில் வரவாகிவிட்டதா என்று பாருங்கள். நான் முதல் முறை தோற்றது இங்கேதான். கடைசி நாள் மாலை அனுப்பிய பணம் மறுநாள் வரவானது. ஏலத்தில் உட்காரவே முடியவில்லை.

10. ஏல நாள்

கணினி ஒன்று, சார்ஜ் உள்ள கைப்பேசி ஒன்று, இரண்டு வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு. மின்வெட்டுக்கும் நெட் கோளாறுக்கும் வங்கி பொறுப்பேற்காது என்று நிபந்தனையிலேயே இருக்கும்.

கடைசி நொடியில் கேட்டுத் தட்டிவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. கடைசி ஐந்து அல்லது பத்து நிமிடத்துக்குள் யார் கேட்டாலும் நேரம் மறுபடி அதே அளவு நீளும். எதிராளிக்குப் பதில் சொல்ல எப்போதும் அவகாசம் உண்டு. அதனால் ஆரம்பத்தில் பொறுமையாக இருந்து, எத்தனை பேர் உண்மையில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். வேறு யாருமே கேட்கவில்லை என்றால் நேரம் முடிவதற்குள் நீங்கள் ஒரு கேட்பாவது போட்டிருக்க வேண்டும். போடாமல் காத்திருந்து சொத்தை விட்டவர் உண்டு.

தொகையை அடித்ததும் பொத்தானை அழுத்தாதீர்கள். எழுத்தில் காட்டும் தொகையை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு பூஜ்ஜியம் கூடிப்போனாலும் கேட்டது கேட்டதுதான். திரும்ப எடுக்க முடியாது.

உச்ச விலை வந்ததும் எழுந்துவிடுங்கள். தோற்றவர்களுக்கு இஎம்டி வட்டியில்லாமல் திரும்பி வரும்.

11. ஜெயித்த பின் வரும் 15 நாள்

அடுத்த வேலை நாளுக்குள் 25%. அதைக் கட்டியதும் விற்பனை உறுதிக் கடிதம் கேளுங்கள். மீதிப் பணத்தின் 15 நாள் அந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது. கடைசி நாள் எது என்று வங்கியிடமே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

தவறினால் கட்டிய பணம் பறிபோகும், சொத்து மறுபடி ஏலத்துக்குப் போகும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், மீதியைக் கட்டத் தவறியவரின் 25%-ஐ வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் வர ஒரு வாரம் தாமதம் என்றால் கெடு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டு எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். கிளை மேலாளர் போனில் “பார்த்துக்கலாம்” என்று சொன்னது கணக்கில் வராது.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1% டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்திலேயே கழிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. யாருடைய பான் எண்ணில் கட்டுவது என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். முழுத் தொகையையும் வங்கிக்கு அனுப்பிவிட்டு அப்புறம் இதை நினைத்தால் கையிலிருந்து போகும்.

12. சான்றிதழ், சாவி, பட்டா

முழுப் பணம் போனதும் வங்கி விற்பனைச் சான்றிதழ் தரும். கையெழுத்தாவதற்கு முன் வரைவைக் கேட்டு வாங்கி, பெயர், சர்வே எண், பரப்பளவு, எல்லை என ஒவ்வொரு எழுத்தையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பிழை திருத்தப் பின்னால் மாதக்கணக்கில் ஆகும்.

சான்றிதழின் நகலை வங்கி சார்பதிவாளருக்கு அனுப்பினால் அவர் அதைச் சொத்துப் பத்திரங்களுக்கான முதலாம் புத்தகத்தில் கோப்பிட வேண்டும். அத்தோடு போதுமா, முத்திரைத் தீர்வை கட்டி முறையாகப் பதிய வேண்டுமா என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் பேச்சு மாறுகிறது. வக்கீலோடு போய்ப் பேசி முடிவு செய்யுங்கள். கடன் வாங்கியிருந்தால் அந்த வங்கி என்ன கேட்கிறதோ அதுவே முடிவு.

சாவி வாங்கும்போது வீடியோ எடுங்கள். நீங்கள் வாங்கியது வீட்டை; உள்ளே கிடக்கும் பீரோ, கட்டில், பாத்திரம் உங்களுடையவை இல்லை. பட்டியல் போட்டு, வங்கி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, அவர்கள் அகற்றும்வரை தொடாதீர்கள். பூட்டை அன்றே மாற்றுங்கள். பெரிய பழுது வேலையை ஏலம் முடிந்து குறைந்தது 45 நாள் கழித்துத் தொடங்குங்கள். பழைய உரிமையாளர் தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

அதன் பின் பட்டா மாற்றம், சொத்து வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம். இதே வரிசையில் போனால் ஒன்றின் ரசீது அடுத்ததற்குச் சான்றாகும்.

13. இதே வீட்டைப் பின்னால் விற்க நினைத்தால்

ஏலத்தில் வாங்கிய வீட்டுக்கு வரும் அடுத்த ஆள் உங்களைவிட அதிகம் பயப்படுவார். அவருடைய வக்கீல் கேட்கப் போவதை இன்றே ஒரு கோப்பில் சேருங்கள்: ஏல அறிவிப்பு வந்த நாளிதழின் முழுப் பக்கம், சுவாதீன நோட்டீஸ், ஏல முடிவைக் காட்டும் தளப் பக்கம், பணம் கட்டிய எல்லா ரசீதும், உறுதிக் கடிதம், விற்பனைச் சான்றிதழ், சாவி ஒப்படைத்த குறிப்பு, வங்கி தந்த மூலப் பத்திரங்களின் பட்டியல்.

நாளிதழ் பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் வைத்திருப்பதில்லை. ஏலம் நடந்த வாரத்திலேயே இரண்டு பிரதி வாங்கி வையுங்கள். பழைய கடன்காரரின் எம்ஓடி ரத்தாகி, அது வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். ஏறவில்லை என்றால் வங்கிக்கு எழுதி இப்போதே ரத்து ரசீதைப் பதியச் சொல்லுங்கள். உங்கள் கோப்பைக் கையாண்ட அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால், அந்த ஒரு தாளுக்காகப் புது ஆளிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.